முதல் மேஜையில் உட்கார்ந்த அண்ணிக்கு

அன்புள்ள அண்ணி,

கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். "ஒரே வீட்டுல இருந்துகிட்டு என்னா தம்பி லெட்டரு?" என்று கேட்பீர்கள். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது ஒரே வீட்டில் இல்லையே, அதனால் எழுதுகிறேன்.

போன சனி ஞாயிறு சுங்கை பட்டாணியில் போட்டி நடந்தது. நீங்கள் போன பிறகு நாங்கள் ஆடிய முதல் போட்டி. முடிவு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களுக்கே தெரிந்த சில சங்கதிகளையும் இதில் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதத்தை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். நம் ஊர் லூனாஸில் பாதிப் பேருக்கு உங்களை 'கிராணி பெண்டாட்டி' என்றுதான் தெரியும். இன்னும் கொஞ்சப் பேருக்கு 'ஃபேக்டரிக்குப் போற பொண்ணு'. அதற்கு மேல் நீங்கள் யார் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணன் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் அங்கிருந்த சின்ன தொரை, வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பும்போது, ஒரு பெட்டியையும் ஒரு புத்தகத்தையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி நிறையச் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள். காலாள், குதிரை, பீரங்கி எல்லாம் இருந்தன. புத்தகத்தில் அவற்றை வைத்துப் போர் நடத்தும் விதிகள். எத்தனை அங்குலம் நடக்கலாம், எப்போது சுடலாம், பகடையில் எத்தனை விழுந்தால் எதிரி விழுவான் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எஸ்டேட் கிளப்பில் மேஜைப்பந்து ஆடும் மேஜையின்மேல் பச்சைத் துணியை விரித்து, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் குன்று என்று வைத்து, அண்ணனும் நானும் ஆடத் தொடங்கினோம். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த அந்தோணி அண்ணன் ஞாயிறு பூசை முடித்துவிட்டுத் தம் பழைய காரில் வந்து சேர்ந்துகொண்டார். "கிராணிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சி, பொம்ம வெச்சி வெளாடுறாரு" என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கிறுக்கு நம்மோடு நிற்கவில்லை. பினாங்கிலும் தைப்பிங்கிலும் ஈப்போவிலும் இதே விளையாட்டை ஆடுகிற ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அணிக்கு மூன்று பேர். 'லூனாஸ்' என்று பெயர் கொடுத்துவிட்டு நாங்களும் போனோம். முதல் மூன்று வருடமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பி வந்தோம்.

அப்போதுதான் நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். கோத்தா கோலா மூடாவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் உங்கள் அப்பாவின் காப்பிக்கடை. கடலுக்குப் போகாத நாளில் அங்கே மீனவர்கள் போத்தல் மூடிகளைக் காயாக வைத்து டாம் என்கிற கட்டப்பலகை ஆட்டம் ஆடுவார்கள் என்றும், ஆள் குறைந்தால் உங்களைக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். "ஜெயிப்பீங்களா அண்ணி?" என்று கேட்டேன். "எப்பவாச்சும். ஆனா என்னைத் தோக்கடிக்கிறதுக்குள்ள அவங்க காப்பி ஆறிப்போயிரும்" என்றீர்கள். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு பிறை நகரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் உங்களுக்கு வேலை கிடைத்தது. விடியற்காலை ஃபேக்டரி பஸ். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. அந்தக் கையால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிப்பாய்களுக்குச் சாயம் அடித்தீர்கள். சட்டைப் பொத்தான்கூடத் தெரியும்படி அடித்தீர்கள். பிறகு அண்ணனோடு உட்கார்ந்து ஆடவும் தொடங்கினீர்கள். அண்ணன்தான் ஜெயிப்பார். ஆனால் உங்களோடு ஆடி முடித்தால் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொள்வார். அப்போதும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. போட்டிக்குப் போவது நாங்கள், சிப்பாய்களைப் பஞ்சு வைத்து பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொடுப்பது நீங்கள். அப்படித்தான் இருந்தது.

அந்த வருடம் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அண்ணன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று பேர் இல்லாவிட்டால் அணியே கிடையாது. "பேர வாபஸ் வாங்கிரு" என்று மாவுக்கட்டோடு படுத்தபடி என்னிடம் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

"நான் போறேன்."

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆம்பளைங்க கூட்டத்துல சரிக்குச் சரியா ஒக்காந்து வெளாடுனா லயத்துல என்னா பேசுவாங்க?"

"அத்த, நான் ஃபேக்டரி பஸ்ல ஏறுனப்பவும் இதத்தான் பேசுனாங்க. இப்ப அவங்க பொண்ணுங்களும் அதே பஸ்லதான் வருதுங்க."

சனிக்கிழமை காலையில் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது அம்மாதான். "தலைய நல்லா வாரிக்கிட்டுப் போ, பாக்கிறவங்க நம்மள ஒண்ணும் சொல்லக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடமும் சுங்கை பட்டாணியில் ஒரு பள்ளி மண்டபம்தான். உள்ளே நுழைந்ததும் எல்லாருடைய பார்வையும் உங்கள்மேல் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? பெயர் எழுதிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் விதித்தாளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். "மூணு பேரு வேணும்னுதான் போட்டிருக்கு. ஆம்பளன்னு போடல" என்று மலாயில் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நான் "அண்ணி, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் சீனர். அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்துக்கொண்டு 'மிசஸ் ஆன்னி' என்று எழுதிவிட்டார். திருத்தப் போனேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். "விடுங்க தம்பி, நல்லாத்தான் இருக்கு."

படிக்கிறவர்களுக்காகப் போட்டியின் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். ஓர் அணியின் மூன்று பேரும் எதிரணியின் மூன்று பேரோடு மூன்று மேஜைகளில் ஆட வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குன்று, ஒரு கிராமம், ஒரு பாலம். எட்டுச் சுற்று முடியும்போது எந்த இடம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த இடத்துக்கு மூன்று புள்ளி. அதிக சிப்பாய்களை மிச்சம் வைத்திருப்பவருக்கு இன்னும் ஒன்று. ஆக மேஜைக்குப் பத்து, மொத்தம் முப்பது. பதினாறு எடுத்தால் அணி ஜெயித்தது. ஆனால் யாரோடு யார் ஆடுவது என்பதில்தான் சூட்சுமம். நாணயம் சுண்டித் தோற்ற அணி முதல் மேஜைக்குத் தன் ஆளை முதலில் சொல்ல வேண்டும். எதிரணி தனக்கு வசதியான ஆளை அவருக்கு எதிராக நிறுத்தும். முதலில் சொல்லப்படுகிற ஆள் கிட்டத்தட்டப் பலிகடா.

சனிக்கிழமை தைப்பிங்கையும் ஈப்போவையும் ஜெயித்தோம். இரண்டு ஆட்டத்திலும் உங்களைப் பலவீனமான ஆட்களுக்கு எதிரே மறைத்து வைத்துத்தான் ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் பினாங்கு அணியோடு. மூன்று வருடமாகத் தோற்காத அணி. அவர்களில் பெரிய ஆள் பல் டாக்டர் ஓங். மெலிந்த உடம்பு, சன்னமான குரல். அளவுநாடா இல்லாமலே கண்ணால் அளந்துவிடுவார்.

நாணயத்தில் நான் தோற்றேன். அண்ணன் இல்லாததால் அன்று நான்தான் அணித்தலைவன். முதல் ஆளாக யாரைச் சொன்னாலும் ஓங் அவருக்கு எதிரே வந்து உட்காரப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். இதை இவ்வளவு நாளாக உங்களிடம் சொன்னதில்லை அண்ணி, இப்போது சொல்கிறேன். நாணயம் சுண்டுவதற்கு முன்பே உங்களைத்தான் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். உங்களை நம்பி எடுத்த முடிவு இல்லை அது. உங்கள் மேஜையில் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, நானோ அந்தோணி அண்ணனோ பத்தையும் அள்ளினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராமல்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனேன்.

நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள்.

"தம்பி, என்னைய வைங்க."

"அண்ணி, அந்த டாக்டரு..."

"தெரியும் லா. நேத்துலேர்ந்து அவரு ஆடுறதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நான் அவர ஜெயிக்க முடியாது. எவ்வளவு தோக்கலாம்? அத மட்டும் சொல்லுங்க."

அப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்த ஆட்டக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு இடம் கைல இருந்தா போதும் அண்ணி. மூணு புள்ளி. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

"ஒண்ணுதானே" என்று சொல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

அன்று உங்கள் மேஜையைச் சுற்றி நின்ற கூட்டம் முதல் சுற்றிலேயே சிரித்தது. எனக்கு என் மேஜையிலிருந்து கேட்டது. நீங்கள் குன்றை விட்டீர்கள். கிராமத்தையும் விட்டீர்கள். எல்லாப் படையையும் பாலத்துக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். "அந்தம்மா பயந்து ஓடுது" என்று யாரோ மலாயில் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது பயம் இல்லை என்று எனக்கே அப்போது தெரியாது.

ஓங்கின் பீரங்கிகள் குன்றின்மேல் ஏறி நின்று பாலத்தைப் பார்த்தன. பாலத்தில் சுடுவதற்கு ஆளே இல்லை. உங்கள் படை ஆற்றங்கரை வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அவர் ஆட்களைப் பாலத்துக்கு அனுப்பினால் ஒரு பிரிவு மட்டும் வெளியே வந்து அடித்து விரட்டும். திரும்பப் போய் ஒளிந்துகொள்ளும். அடிபட்ட பிரிவுக்குப் பதில் இன்னொன்று வரும். டாம் பலகையில் ஒரு காயைக் கொடுத்து இன்னொரு காயைக் காப்பாற்றுவீர்களே, அதே மாதிரி. நான்காம் சுற்றில் சிரிப்பு நின்றுபோயிற்று என்று அந்தோணி அண்ணன் பிறகு சொன்னார்.

அந்தோணி அண்ணன் ஏழு எடுத்தார். நானும் ஏழு எடுத்திருக்க வேண்டியவன்தான். இரண்டு இடம் கையில் இருக்கும்போது மூன்றாவதற்கும் ஆசைப்பட்டுக் குதிரைகளை அனுப்பி, பாதிப் படையை இழந்து, ஆறோடு நின்றேன். ஏழும் ஆறும் பதின்மூன்று. எழுந்து உங்கள் மேஜைக்கு ஓடினேன். எங்களுக்கு இன்னும் மூன்றுதான் தேவை. அந்த மூன்றும் உங்கள் பாலத்தில் இருந்தது.

நான் வந்து நின்றபோது எட்டாவது சுற்று. உங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிரிவு, ஆறு சிப்பாய்கள், பாலத்தின் நடுவில். எதிரே ஓங்கின் குதிரைப்படை, அடிபடாமல், முழுசாக. குதிரை அதிகபட்சம் பன்னிரண்டு அங்குலம் பாயலாம். பாய்ந்து மோதிவிட்டால் ஆறு பேரும் காலி, பாலமும் காலி. முதலில் உங்கள் முறை. "சுடுங்க அண்ணி" என்று கத்தப்போனேன். அந்தோணி அண்ணன் என் கையை அழுத்திப் பிடித்தார்.

நீங்கள் சுடவில்லை. ஆறு பேரையும் மெல்லப் பின்னால் நகர்த்தினீர்கள். பாலத்தின் கடைசிப் பலகைவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

ஓங் குனிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பாயப்போகிறேன் என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும் என்பது விதி. எட்டாவிட்டால் குதிரை பாதியில் நின்றுவிடும். பாலத்தில் இருப்பவரை மோதி விரட்டினால்தான் பாலம் கைமாறும். அவர் இரண்டாம் தரமும் குனிந்து பார்த்தார். "பாய்கிறேன்" என்றார்.

நடுவர் நாடாவை வைத்தார். வைத்துவிட்டு இன்னொரு தரம் வைத்தார்.

பன்னிரண்டரை.

மண்டபத்தில் முதலில் கைதட்டியது நம் ஆட்கள் இல்லை அண்ணி. தைப்பிங் ஆட்கள். முந்தின நாள் நம்மிடம் தோற்றவர்கள். ஓங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குனிந்து அந்த அரை அங்குல இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உங்களிடம் கையை நீட்டி, "பண்டாய் லா, காக்" என்றார். கெட்டிக்காரி அக்கா என்று அர்த்தம். நீங்கள் கும்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் கையையும் கொடுத்தீர்கள்.

பதினாறுக்குப் பதினான்கு. லூனாஸ்.

காரில் வரும்போது கேட்டேன், எப்படி அண்ணி என்று. "நாள் பூராவும் முடிய விட மெல்லிசான கம்பியப் பாக்குறேன். அர இஞ்ச் எனக்கு வாய்க்கா மாதிரி தெரியுது" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கட்டுச்சோற்றில் மிச்சம் இருந்த புளியோதரையைச் சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

வீட்டு வாசலில் அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். "என்னாடா ஆச்சி?"

"அண்ணி தோத்துட்டாங்க. அதனால ஜெயிச்சிட்டோம்."

அண்ணனுக்குப் புரியவில்லை. சமையலறைத் தரையில் சிப்பாய்களை அடுக்கி ஒவ்வொரு சுற்றாக அவருக்கு ஆடிக் காட்டினீர்கள். அம்மாவும் அம்மியை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார். முடிந்ததும் அண்ணன், "நான் போயிருந்தா குன்றப் புடிக்கத்தான் போயிருப்பேன். பாலம் போயிருக்கும்" என்றார். எங்கள் அண்ணன் தன் வாயால் அப்படி ஒத்துக்கொண்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவருடைய கால் சரியான பிறகும் தன் இடத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? அடுத்த வருடம் பிஸ்கட் டின்களைத் தூக்கிக்கொண்டு, உங்கள் கைக்குழந்தை வாணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தார். ஐந்து வருடம் முதல் மேஜை உங்களுடையதாக இருந்தது. நாணயத்தில் ஜெயித்த நாட்களிலும் நீங்கள் முதலில் உங்களைத்தான் சொல்லச் சொன்னீர்கள். பெரிய ஆட்களோடு ஆடிய ஆட்டங்களில் ஒன்றைக்கூட நீங்கள் ஜெயிக்கவில்லை. கோப்பை மூன்று தரம் லூனாஸுக்கு வந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பினாங்கிலும் ஈப்போவிலும் முதல் மேஜையை இப்போது 'ஆன்னி டேபிள்' என்றுதான் சொல்கிறார்கள். யார் ஆன்னி டேபிளுக்கு என்று கேட்டுக்கொள்கிறார்கள். புதிதாக வந்த பையன்கள் அது யாரோ வெள்ளைக்காரி பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கையில் ஒவ்வொருவரும் அகப்படும்போது உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். செல்வமணி, கோத்தா கோலா மூடா, எங்கள் வீட்டு மூத்த மருமகள் என்று.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நோயையும் நீங்கள் பாலத்தைப் பிடித்த மாதிரியே எதிர்த்து நின்றீர்கள் என்று சாவு வீட்டில் ஒருவர் பேசினார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. அது விளையாட்டு இல்லை. உங்களுக்கு வலித்தது. அவ்வளவுதான்.

டாக்டர் ஓங் பினாங்கிலிருந்து வந்திருந்தார், தெரியுமா? லயத்துச் சனங்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போகும்போது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "அஞ்சு வருஷம் அவங்களோட ஆடினேன். ஒரு தடவைகூட என்னால பத்தையும் எடுக்க முடியல." அண்ணன் அந்த இடத்தில்தான் உடைந்து அழுதார்.

இப்போது போன வார முடிவைச் சொல்கிறேன்.

போன வருடம் நாங்கள் யாரும் டின்களைத் திறக்கவே இல்லை. இந்த வருடம் அண்ணன்தான் எடுத்து வைத்தார். நீங்கள் சாயமடித்த சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வாணியும் துடைத்தாள். மூன்று பேர் வேண்டும் என்பதால் அண்ணனே ஆட வந்தார். அணித்தலைவன் இன்னும் நான்தான். கடைசி ஆட்டத்துக்கு வழக்கம்போலப் பினாங்கு வந்தது. முதல் மேஜைக்கு யார் என்று கேட்டார்கள்.

எட்டு வருடமாக எனக்கு வசதியான மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தவன் நான். உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. "நான்" என்றேன். ஓங் வந்து எதிரே உட்கார்ந்தார்.

எல்லாம் நீங்கள் செய்த மாதிரியே செய்தேன் அண்ணி. கிராமத்தை விட்டேன். குன்றை விட்டேன். வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆறாவது சுற்றில் குன்றின்மேல் அவர் பீரங்கி தனியாக நின்றது. காவலுக்கு ஆள் இல்லை. எடுத்துவிடலாம் போலத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை, போனேன். அவர் எனக்காகத்தான் அதைத் தனியாக விட்டுவைத்திருந்தார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. குன்றும் வரவில்லை, பாலமும் போயிற்று.

பூஜ்யத்துக்குப் பத்து.

பக்கத்து மேஜைகளில் அண்ணன் ஏழு, அந்தோணி அண்ணன் ஏழு. ஓர் இடம், ஒரே ஓர் இடத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தால் கோப்பை நம் அலமாரிக்கு வந்திருக்கும். ஓங் தம் சிப்பாய்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "பத்து எடுத்ததுல சந்தோஷம் இல்ல லா, சேகர்" என்றார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாடாங் செராய் தாண்டும்வரை அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். திடீரென்று அவர் சிரிக்கத் தொடங்கினார். நீங்கள் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அந்தோணி அண்ணன் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினார்.

"எத்தன வருஷம்டா!" என்றார் அண்ணன். "எத்தன வருஷம் அவ அந்த நாற்காலில ஒக்காந்தா! நாம பாட்டுக்கு கோப்பையத் தூக்கிக்கிட்டு வந்தோம். நீ ஒரே நாள்ல பத்தையும் குடுத்துட்டு வந்துட்டே. செல்வமணி எவ்வளவு பெரிய ஆளுடா!"

கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். உங்கள் பெயரைப் பதினான்கு மாதமாக அவர் வாயில் எடுக்கவே இல்லை அண்ணி. அன்று வீடு வந்து சேரும்வரை உங்களைப் பற்றித்தான் பேசினார். வாசலிலேயே வாணியை உட்காரவைத்து அவளிடமும் பேசினார். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதால் கத்திக் கத்திச் சொன்னார்.

தோற்றதில் எனக்கு வெட்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்த பிறகுதான் உங்களை முழுசாகத் தெரிந்துகொண்டேன். பெருமையாக இருக்கிறது, அண்ணி. இவ்வளவு பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த வருடமும் முதல் மேஜையில் நான்தான். அண்ணனிடமும் அந்தோணி அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் என் பெயர்தான் முதலில். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளப்பில் அண்ணன் எதிரே உட்கார்ந்து, ஆசையை அடக்கிக்கொண்டு ஒரு பாலத்தை மட்டும் பிடித்து நிற்கப் பழகுகிறேன். இந்த வாரம் ஐந்தாம் சுற்றுவரை நின்றேன். எட்டுவரை நிற்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றைக்கும் உங்கள் கொழுந்தன்,
சேகர்
லூனாஸ், கெடா